ராணுவ விமானத்துல ஒரு சீட் கிடைக்குமா? வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்கப் படையில இருந்து ரிடையர் ஆனவங்க, ராணுவ விமானத்துல மிச்சம் இருக்கிற சீட்ல டிக்கெட் காசு இல்லாம பறக்கலாம்னு போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளே இந்தப் பகுதி முழுக்க நிரம்புற அளவுக்கு இருக்கு, அதனால இந்த முறை வேற எதையும் எடுக்கல. நான் 22 வருஷம் ஏர் ஃபோர்ஸ்ல சரக்கு ஏத்தி இறக்குற பிரிவுல இருந்துட்டு ரிடையர் ஆனவன், இப்ப ஜெர்மனியில ராம்ஸ்டைன் தளத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல குடியிருக்கோம். இந்த ஏற்பாட்டுக்குப் பேரு ஸ்பேஸ்-ஏ, எங்க ஆளுங்க பேச்சுல ஹாப். நானும் என் மனைவியும் பல தடவை ஹாப்ல போயிருக்கோம், பல தடவை கிடைக்காம பெட்டியை இழுத்துக்கிட்டு வீட்டுக்குத் திரும்பியும் இருக்கோம், ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நேவியில 20 வருஷம் முடிச்சு ரிடையர் ஆகி, மனைவியோட தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து செட்டில் ஆகிட்டோம். மகள் மேரிலாண்ட்ல இருக்கா. இந்தியாவிலிருந்து நேரா ஹாப் ஏதாவது கிடைக்குமா? மனைவி இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்தான்.

நேரா கிடைக்காது சார். ஸ்பேஸ்-ஏங்கிறது அமெரிக்கத் தளம் இருக்கிற இடத்துலதான் ஓடும், இந்தியாவுல அமெரிக்கத் தளம் கிடையாது, அங்க பயணிகளுக்குன்னு ராணுவ டெர்மினலும் கிடையாது. ஃபிலிப்பைன்ஸ்ல செட்டில் ஆன நம்ம பழைய நேவி நண்பர்களுக்கும் இதே கஷ்டம்தான், கிளார்க் தளத்தை 1991லயும் சூபிக் பேயை 1992லயும் காலி பண்ணினதுக்கப்புறம் வீட்டுப் பக்கத்துல ஏறி இறங்கினதெல்லாம் போச்சு, இப்ப அவங்களும் முதல்ல சாதாரண விமானத்துல ஜப்பானோ குவாமோ போய்ச் சேர்ந்துட்டுத்தான் ஹாப் தேடணும்.

நீங்க போகவேண்டியது மேரிலாண்ட், அதனால உங்களுக்கு ஜெர்மனி வழிதான் சரி. சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டு வந்து, அங்கிருந்து ராம்ஸ்டைனுக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர், ரயிலும் இருக்கு. நீங்க 90கள்ல சர்வீஸ்ல இருந்தவர்னா ஃபிராங்ஃபர்ட் ஏர்போர்ட்டை ஒட்டியே ரைன்-மைன்னு ஒரு தளம் இருந்தது ஞாபகம் இருக்கும், அதை 2005லயே மூடிட்டாங்க, அதனால அந்தப் பழைய கணக்குல வந்து இறங்கி ஏமாறாதீங்க. ராம்ஸ்டைன்ல இருந்து பால்டிமோர் ஏர்போர்ட்டுக்கு பேட்ரியாட் எக்ஸ்பிரஸ்னு ஒரு விமானம் வழக்கமா ஓடுது, ராணுவம் வாடகைக்கு எடுத்து ஓட்டுற சாதாரண பயணிகள் விமானம், பால்டிமோர் உங்க மகள் இருக்கிற மேரிலாண்ட்லயேதான் இருக்கு. அது இல்லைன்னா டெலவேர்ல இருக்கிற டோவர் தளத்துக்கு சி-17, சி-5 சரக்கு விமானங்கள் போகும், அங்கிருந்தும் மேரிலாண்ட் பக்கம்தான்.

ஆனா சார், உங்க கேள்வியில முக்கியமான விஷயம் கடைசி வரியில இருக்கு. உங்க மனைவி இந்தியன் பாஸ்போர்ட்ல வர்றாங்கன்னா, ராம்ஸ்டைன்ல ஹாப்புக்குக் காத்திருக்கணும்னாலே ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா வேணும், சும்மா டிரான்சிட்ங்கிற கணக்கு அங்க நடக்காது, ஏன்னா நீங்க ஏர்போர்ட்டை விட்டு வெளிய வந்து ஜெர்மனிக்குள்ள நுழையறீங்க. அதுக்கு மேல அமெரிக்காவுக்குள்ள போக விசாவோ கிரீன் கார்டோ செல்லுபடியா இருக்கணும். ஷெங்கன் விசாவுல எத்தனை நாள் கொடுத்திருக்காங்கன்னும் பாருங்க, பத்து நாள் கொடுத்திருந்து ஒன்பதாவது நாளும் சீட் கிடைக்கலைன்னா அன்னைக்கே கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்தாகணும். நீங்க அமெரிக்கன் பாஸ்போர்ட்னா 180 நாள்ல 90 நாள் வரைக்கும் விசா இல்லாம இருக்கலாம், அந்த சலுகை அவங்களுக்குக் கிடையாது.

மனசுல பட்டதைச் சொல்றேன், சென்னை-ஃபிராங்ஃபர்ட் டிக்கெட், ஜெர்மனியில சில ராத்திரி ரூம் வாடகை, சாப்பாடு, ரயில் எல்லாம் கூட்டிப் பாத்தா, சென்னையிலிருந்து மேரிலாண்டுக்கே டிக்கெட் எடுக்கிறதைவிடப் பெருசா மிச்சம் ஆகாது. வழியில நாலு நாள் ஜெர்மனியைச் சுத்திப் பாக்கணும்னு ஆசை இருந்தா பண்ணுங்க, காசு மிச்சம் பிடிக்கிறதுக்காக மட்டும்னா வேண்டாம்.

இந்த வருஷம்தான் ஆர்மியில ரிடையர் ஆனேன் அண்ணா, கைசர்ஸ்லாட்டர்ன்லயே வீடு. சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு தடவைகூட ஹாப் போனதில்ல. முதல்ல இருந்து சொல்லித் தருவீங்களா?

சொல்றேன் தம்பி, உன் வீடு ராம்ஸ்டைனுக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கிறது பெரிய அதிர்ஷ்டம், ஏன்னு கடைசியில புரியும்.

ஸ்பேஸ்-ஏல ஆறு கேட்டகிரி இருக்கு. அவசர லீவ்ல போறவங்க முதல் கேட்டகிரி, சாதாரண லீவ்ல போற சர்வீஸ் ஆளுங்க மூணாவது, இப்படி வரிசையா போய் ரிடையர் ஆனவங்க நாம ஆறாவது, அதாவது கடைசி. இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல, லீவ் முடிஞ்சு திங்கக்கிழமை டியூட்டிக்குப் போகவேண்டிய பையனுக்குத்தான் அந்த சீட் முதல்ல போகணும். நீ எவ்வளவு சீனியர் ரேங்க்ல ரிடையர் ஆகியிருந்தாலும் கேட்டகிரி ஆறுதான், கர்னலும் சார்ஜென்ட்டும் ஒரே வரிசை.

அந்த வரிசைக்குள்ள யாரு முன்னாடி, யாரு பின்னாடிங்கிறதை முடிவு பண்றது ஒண்ணே ஒண்ணுதான், நீ பேர் கொடுத்த தேதியும் நேரமும். இதைத்தான் சைன்-அப்னு சொல்றது. நேர்ல போக வேண்டியதில்ல, ஈமெயில்லயே அனுப்பலாம், எந்த டெர்மினல்ல ஏறப்போறியோ அந்த டெர்மினலுக்கு அனுப்பணும், போக விரும்புற நாடுகள் அஞ்சு வரைக்கும் எழுதலாம். அது 60 நாள் உயிரோட இருக்கும், 60 நாள் முடிஞ்சா பேர் தானா விழுந்துடும், மறுபடி கொடுத்தா புது தேதியில கடைசியில போய் நிக்கணும். நிறைய பேர் இந்த ஒரு இடத்துலதான் கோட்டை விடறாங்க. மே மாசம் பத்தாம் தேதி கிளம்பணும்னு நினைச்சா மே ஒன்பதாம் தேதி பேர் கொடுக்கக்கூடாது, மார்ச் கடைசியிலயே கொடுத்துடணும், அப்பத்தான் நீ டெர்மினல்ல போய் நிக்கும்போது உன் பேருக்கு நாற்பது, அம்பது நாள் வயசு ஆகியிருக்கும், ஆறாவது கேட்டகிரியில உனக்கு முன்னாடி ரொம்ப பேர் இருக்கமாட்டாங்க. ரிடையர் ஆனவங்களுக்கு லீவ் தேதின்னு ஒண்ணு கிடையாதுங்கிறதால திரும்பி வர்ற டெர்மினல்கள்லயும் அதே நாள்ல பேர் கொடுத்து வெச்சுடு, பால்டிமோர், டோவர், சவுத் கரோலைனாவுல சார்ல்ஸ்டன், நியூ ஜெர்சியில மக்வயர், எதுல இருந்து ஜெர்மனிக்கு விமானம் வரும்னு முன்கூட்டித் தெரியாது. அனுப்பின ஈமெயிலை பிரிண்ட் எடுத்துக் கையில வெச்சுக்கோ, கம்ப்யூட்டர்ல பேர் காணலைன்னா அந்தக் காகிதம்தான் உன்னைக் காப்பாத்தும், எனக்கு ஒரு தடவை காப்பாத்தியிருக்கு.

அடுத்தது 72 மணி நேர ஷெட்யூல். ஒவ்வொரு டெர்மினலும் அடுத்த மூணு நாள்ல எந்த விமானம் எங்க போகுது, எத்தனை சீட்டுன்னு போடுவாங்க. சீட் எண்ணிக்கைக்குப் பக்கத்துல எஃப்னு இருந்தா உறுதி, டீன்னு இருந்தா மாறலாம்னு அர்த்தம். சரக்கு கூடினாலோ, வழியில ஆபத்தான பொருள் ஏத்தினாலோ சீட் எண்ணிக்கை சட்டுனு சுழியம் ஆகும், சில நாள் பத்து சீட்டுன்னு போட்டது அம்பத்து மூணா கூடவும் செய்யும். அந்த ஷெட்யூலைக் கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தினம் ஒரு தடவை பாத்துப் பழகு, எந்தக் கிழமை எந்த ஊருக்கு அதிகம் போகுதுன்னு கண்ணுக்குப் பிடிபடும்.

போற நாள் வந்ததும் டெர்மினல் கவுன்டர்ல போய் நான் வந்துட்டேன்னு பதிவு பண்ணணும், ரோல் காலுக்கு, அதாவது வரிசைப்படி பேர் கூப்பிடற நேரத்துக்கு, 24 மணி நேரத்துக்கு முன்னாடியிலிருந்து பண்ணலாம். ரோல் கால்தான் எல்லாம். அந்த நேரத்துல பெட்டி, பாஸ்போர்ட், ஐடி கார்டு, குடும்பம் எல்லாம் கையோட அங்க இருக்கணும், மனைவி கார் பார்க்கிங்ல இருக்காங்க, அஞ்சு நிமிஷத்துல வருவாங்கன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவாங்க. எனக்கு முதல் தடவை நடந்தது இன்னும் கண்ணுல நிக்குது. கவுன்டர்ல இருந்த பொண்ணு மைக்கைப் பிடிச்சு கேட்டகிரி ஒண்ணுன்னு ஆரம்பிச்சா, ஒருத்தர் எழுந்து போனார், மூணுக்கு வந்ததும் கைக்குழந்தையோட ஒரு குடும்பம், முதுகுப் பையோட நாலஞ்சு பசங்கன்னு ஹால் பாதி காலியாச்சு, என் மனைவி என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கா, அஞ்சு முடிஞ்சதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அந்தப் பொண்ணு ஸ்கிரீனைப் பாத்து ஏதோ எண்ணிட்டு அப்புறம் ஆறுன்னு சொல்லி எங்க பேரைக் கூப்பிட்டா. நம்ம பேரை அவங்க உச்சரிச்ச விதம் சரியே இல்ல, ஆனா அன்னைக்கு அதைவிட இனிமையா யாரும் என் பேரைக் கூப்பிட்டதா எனக்குத் தோணல.

உன் வீடு பக்கத்துல இருக்கிறது ஏன் அதிர்ஷ்டம்னா, பேர் வரலைன்னா நீ இருபது நிமிஷத்துல உன் கட்டில்ல போய் படுத்துக்கலாம், மறுநாள் மறுபடி வரலாம். வெளியூர்ல இருந்து வர்றவங்க ஒவ்வொரு ராத்திரிக்கும் ரூம் வாடகை கொடுக்கணும். ராம்ஸ்டைன்ல டெர்மினலை ஒட்டியே தளத்தோட ஹோட்டல் இருக்கு, ஆனா அங்கயும் ஸ்பேஸ்-ஏ மாதிரிதான், டியூட்டியில வந்தவங்களுக்குப் போக மிச்சம் இருந்தாத்தான் ரூம்.

எப்ப போகலாம்னு கேட்டா பிப்ரவரி, மார்ச், அப்புறம் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் பாதி வரைக்கும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போற குடும்பங்கள் நிறைஞ்சு இருக்கும், கிறிஸ்துமஸ் சமயத்துல லீவ் பசங்க, அப்பல்லாம் ஆறாவது கேட்டகிரிக்கு சீட் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

என் கணவர் ரிடையர்ட் மாஸ்டர் சார்ஜென்ட். அவருக்கு வர முடியல, நான் மட்டும் என் டிபென்டன்ட் கார்டை வெச்சு ஹாப்ல போய் பேரனைப் பாத்துட்டு வரலாமா?

முடியாதும்மா. ரிடையர் ஆனவரோட குடும்பம் அவர் கூட வந்தாத்தான் ஏத்துவாங்க, தனியா உங்களை மட்டும் ஆறாவது கேட்டகிரியில ஏத்தமாட்டாங்க. சர்வீஸ்ல இருக்கிறவங்க மனைவிமார் சில சமயம் தனியா போறதைப் பாத்திருப்பீங்க, அது வேற கேட்டகிரி, வேற விதி. இன்னொண்ணு, அவரோட கார்டுக்குக் காலாவதி இல்லாம இருக்கலாம், உங்க கார்டுக்கு இருக்கலாம், எடுத்துத் தேதியைப் பாத்து வெச்சுக்கோங்க. அவரும் நீங்களும் சேர்ந்து போகும்போது உங்க கார்டு காலாவதி ஆகியிருந்தா அவருக்கு சீட் இருக்கும், உங்களுக்கு இருக்காது.

என் மனைவி ஜெர்மன் குடிமகள். சாதாரண விமானத்துல அமெரிக்கா போகும்போது எஸ்டா எடுத்தாப் போதும். ஹாப்புக்கும் அதே போதும்தானே?

போதாது. எஸ்டாங்கிறது விசா இல்லாம அமெரிக்கா போக ஆன்லைன்ல வாங்குற அனுமதி, அது விசா விலக்குத் திட்டத்துல கையெழுத்து போட்ட விமான நிறுவனங்கள்ல போறவங்களுக்கு மட்டும், ராணுவத்தோட சொந்த விமானம் அந்தக் கணக்குல வராது. சி-17ல ஏறி அமெரிக்காவுல இறங்கணும்னா அவங்க பாஸ்போர்ட்ல விசிட்டர் விசா ஒட்டியிருக்கணும், இல்லைன்னா கிரீன் கார்டு இருக்கணும். இது தெரியாம ரோல் கால்ல பேர் கூப்பிட்டதுக்கு அப்புறம் கவுன்டர்ல திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தம்பதியை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அந்த அம்மா அழுததைப் பாக்கவே முடியல. விசா இன்டர்வியூக்குத் தேதி கிடைக்கவே நாளாகும், இப்பவே ஆரம்பிங்க.

அப்பாவுக்கு டெக்சஸ்ல உடம்பு ரொம்ப மோசம்னு போன் வந்திருக்கு. எமர்ஜென்சிங்கிறதால முதல் கேட்டகிரியில போட்டு அனுப்புவாங்களா?

தம்பி, இதைப் படிக்கிறப்ப நீங்க ஏற்கனவே கிளம்பியிருப்பீங்கன்னு நம்புறேன், உங்களுக்குத் தனியா உடனே பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். முதல் கேட்டகிரி அவசர லீவ்ல போறவங்களுக்கு, நமக்கு லீவே கிடையாது, அதனால வீட்டுல என்ன நடந்தாலும் வழக்கமா நாம ஆறாவதுதான். அப்பா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்கிற நேரத்துல டெர்மினல் ஹால்ல உட்கார்ந்து ஷெட்யூலைப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. முதல்ல கிடைக்கிற சாதாரண விமானத்துல, எவ்வளவு விலையா இருந்தாலும், ஏறிடுங்க. இதுக்காகவே எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு வழி டிக்கெட்டுக்கான காசைத் தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டு வெச்சிருக்கோம், அதைத் தொடறதே இல்ல.

நான் ரிடையர் ஆகல, எட்டு வருஷத்துல அடிபட்டு வெளிய வந்துட்டேன், 100 சதவீதம் நிரந்தர ஊனம்னு சான்று இருக்கு. இப்ப ஜெர்மனியில இருக்கேன். எனக்கும் ஹாப் உண்டுன்னு சொல்றாங்களே?

உண்டு, ஆனா நீங்க இருக்கிற இடத்துல இருந்து இல்ல. 2018ல வந்த சட்டத்துல சர்வீஸ்ல ஏற்பட்ட 100 சதவீத நிரந்தர ஊனம் உள்ள முன்னாள் வீரர்களையும் ஆறாவது கேட்டகிரியில சேர்த்தாங்க, ரொம்ப நாள் கழிச்சு வந்தாலும் நல்ல காரியம். ஆனா அது அமெரிக்காவுக்குள்ள மட்டும், அப்புறம் அமெரிக்காவுக்கும் அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம் மாதிரி இடங்களுக்கும் நடுவுல மட்டும்தான். ஜெர்மனியிலிருந்து ஏற முடியாது. நீங்க எப்பவாவது அமெரிக்கா போய் இறங்கினதுக்கப்புறம் அங்கிருந்து ஹவாய் பாக்கப் போக இதை உபயோகப்படுத்திக்கலாம், கலிஃபோர்னியாவுல டிராவிஸ் தளத்துல இருந்து ஹவாயில ஹிக்கமுக்கு அடிக்கடி விமானம் உண்டு. உங்களை மருத்துவக் காரணத்துக்காகவே ரிடையர் பண்ணி ரிடையர்டு ஐடி கார்டு கொடுத்திருந்தாங்கன்னா கதை வேற, அப்ப நீங்க எங்களை மாதிரியே முழு ரிடையர்டு, கையில இருக்கிற கார்டு எந்த வகைன்னு ஒரு தடவை பாருங்க.

நேஷனல் கார்ட் (Guard) படையில 20 வருஷம் முடிச்சாச்சு, வயசு 57, பென்ஷன் 60லதான். இப்ப ஜப்பான்ல வேலை.

உங்களுக்கும் இப்போதைக்கு மேல சொன்ன அதே எல்லைதான், அமெரிக்காவும் அதோட பிரதேசங்களும். பென்ஷன் ஆரம்பிச்சு முழு ரிடையர்டு கார்டு வாங்கினதும் யொகோட்டாவுல இருந்தோ கடேனாவுல இருந்தோ தாராளமா ஏறலாம்.

உலக மேப்பைப் பாத்தா நம்ம ஊருக்குக் கிட்ட இருக்கிற ஒரே அமெரிக்கத் தளம் டியகோ கார்சியாதான். அங்க ஹாப்ல போய் இறங்கி, அங்கிருந்து...?

வேண்டாம் சார், அந்த யோசனையை விட்டுடுங்க. இந்தியாவுக்குத் தெற்கே நடுக்கடல்ல இருக்கிற அந்தத் தீவுக்கு டியூட்டி உத்தரவு இல்லாம சுத்திப் பாக்க யாரையும் விடமாட்டாங்க, ரிடையர் ஆனவங்களுக்கு அங்க வேலையே இல்ல. அங்கிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் விமானமும் கிடையாது.

எனக்கு 68 வயசு, மனைவிக்கு முழங்கால் வலி. ராணுவ விமானத்துல எப்படி இருக்கும்? பாத்ரூம் எல்லாம் உண்டா?

எந்த விமானம் வருதுங்கிறதைப் பொறுத்து. பேட்ரியாட் எக்ஸ்பிரஸ்னா கவலையே இல்ல, சாதாரண விமானம்தான், சீட், சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் நீங்க பழகினதுதான், சின்னதா வரியும் பரிசோதனைக் கட்டணமும் மட்டும் கட்டணும். ராணுவத்தோட சொந்த விமானத்துல அதுவும் கிடையாது, ஆனா சாப்பாட்டுப் பெட்டி வேணும்னா கவுன்டர்ல முன்னாடியே சொல்லிக் காசு கட்டி வாங்கிக்கணும்.

சி-17ல பக்கச் சுவரை ஒட்டி மடக்கு சீட் இருக்கும், ரெண்டு பக்கமும் சேர்த்து 54. நீங்க உட்கார்ந்தா எதிர்ல ஜன்னலுக்குப் பதிலா வலை போட்டுக் கட்டின சரக்குதான் தெரியும், ஒரு தடவை எங்க எதிர்ல ஒரு ஹெலிகாப்டர் இறக்கையை மடிச்சுக் கட்டியிருந்தாங்க. சத்தம் அதிகம், காதுல வைக்க ஸ்பாஞ்ச் கொடுப்பாங்க, வாங்கி வெச்சுக்கோங்க. தரை சில்லுனு இருக்கும், காலுக்கு ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ், ஒரு போர்வை கண்டிப்பா வேணும். மேல போய் நிலையானதும் லோட்மாஸ்டர் (சரக்கையும் பயணிகளையும் பாத்துக்கிற விமான ஊழியர்) சரின்னா சில பேர் தரையில பாயை விரிச்சுப் படுத்துடுவாங்க, முழங்கால் வலிக்காரங்களுக்கு அது உண்மையிலேயே சாதாரண விமானத்துல குறுகி உட்கார்றதைவிட சுகம். பாத்ரூம் உண்டு.

சி-5 வந்தா யோசிங்க. அதுல பயணிகள் இடம் மாடியில இருக்கு, 73 சீட், எல்லாம் பின்பக்கம் பாத்த மாதிரி, உட்கார்ந்துட்டா வசதிதான், ஆனா அங்க ஏற ஒரு செங்குத்தான படி இருக்கு, ஏணின்னே சொல்லலாம், கைப்பையோட ஏறணும். உங்க மனைவியால அது முடியாதுன்னா ரோல் காலுக்கு முன்னாடியே கவுன்டர்ல எந்த விமானம்னு கேட்டுக்கோங்க, வெக்கப்படாம சொல்லுங்க, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கலாம்.

பெட்டி ஆளுக்கு ரெண்டு, ஒவ்வொண்ணும் 70 பவுண்டு அதாவது 32 கிலோ வரைக்கும், சின்ன விமானமா இருந்தா ரொம்பக் குறைச்சுடுவாங்க. நான் என்ன பண்ணுவேன்னா, எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு பெட்டிதான், அதையும் நானே தூக்கிக்கிட்டு படி ஏற முடியற அளவுக்குத்தான் அடுக்குவேன். அப்புறம் செருப்பு போட்டுக்கிட்டு போகாதீங்க, ராணுவ விமானத்துல விரல் தெரியற செருப்புக்கும் ஹீல்ஸுக்கும் அனுமதி இல்ல, மூடின ஷூ வேணும். நாய், பூனையை ஸ்பேஸ்-ஏல கூட்டிட்டுப் போக முடியாது, இதையும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க.

தளத்துக்குள்ளயே இறங்கினா பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் வாங்கணுமா? சர்வீஸ்ல இருந்தப்ப ஐடி காட்டிட்டு நேரா வெளிய போயிடுவோமே.

உள்ள வந்ததுக்கான பதிவு வாங்கணும், மறக்கவே கூடாது. சர்வீஸ்ல இருந்தப்ப அந்த நாட்டோட இருந்த படை ஒப்பந்தம் உங்களுக்கு நிழல் மாதிரி இருந்தது, ரிடையர் ஆனதும் அது போயிடுச்சு, இப்ப நீங்க அவங்களுக்கு ஒரு டூரிஸ்ட், இல்லைன்னா அங்க குடியிருப்பு அனுமதி வாங்கின வெளிநாட்டுக்காரர். ஜெர்மனியா இருந்தாலும் ஜப்பானா இருந்தாலும் அந்த நாட்டு குடியேற்ற அதிகாரிகிட்ட பாஸ்போர்ட்டைக் காட்டி முறையா உள்ள வந்த பதிவு வேணும். அந்த நேரத்துல டெர்மினல்ல அதிகாரி இல்லைன்னா எங்க போய் பண்ணணும்னு கவுன்டர்ல கேட்டுட்டுத்தான் வெளிய போகணும். இல்லைன்னா திரும்பப் போகும்போது ஏர்போர்ட்ல எப்ப வந்தீங்க, எப்படி வந்தீங்கன்னு நிக்க வெச்சுடுவாங்க.

ராணுவத்துல இருந்தவங்களுக்கு சாதாரண விமான டிக்கெட்லயே தள்ளுபடி உண்டாமே? அது ஹாப்பைவிட நல்லதா?

2019ல ராணுவத் துறையே அமெரிக்கன் ஃபோர்சஸ் டிராவல்னு ஒரு புக்கிங் வெப்சைட் ஆரம்பிச்சாங்க, ரிடையர் ஆனவங்களும் உபயோகப்படுத்தலாம், ஹோட்டல், வாடகைக் கார் எல்லாம் அதுல பாருங்க, டிக்கெட்டும் பாருங்க. ஆனா ராணுவத் தள்ளுபடின்னு பேர் இருக்கிறதாலயே அதுதான் குறைவுன்னு எடுத்துக்காதீங்க, அதே தேதிக்கு விமான நிறுவனத்தோட சொந்த வெப்சைட்லயும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நிறுவனங்கள் கொடுக்கிற இலவசப் பெட்டி சலுகை பெரும்பாலும் சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்குத்தான், ரிடையர்டு கார்டை நீட்டிட்டு கவுன்டர்ல வாக்குவாதம் பண்ணினா பலன் இல்ல, புக் பண்றப்பவே கேட்டுக்கோங்க.

ஜூன்ல பேத்தி பட்டமளிப்பு விழா, வர்ஜீனியாவுல. நாங்க ரெண்டு பேரும் ஹாப்ல போகலாம்னு இருக்கோம். கிடைச்சிடுமா? (இதே மாதிரி கல்யாணம், வளைகாப்புன்னு இன்னும் நாலு கடிதம்.)

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், அந்த ரெண்டாவதை நீங்க தாங்கிக்க முடியுமா? எங்க கதையைச் சொல்றேன். என் மனைவியோட தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே கிளம்பினோம், நடுவுல ஒரு டெர்மினல்ல எங்களை இறக்கிட்டாங்க, டியூட்டி ஆளுங்க வந்ததால சீட் போச்சு, அது அவங்க தப்பும் இல்ல, விதியே அப்படித்தான், வழியில எங்க வேணும்னாலும் இறக்கலாம், திருப்பிக் கொண்டு விடற பொறுப்பும் அவங்களுக்குக் கிடையாது. நாலு நாள் அங்க உட்கார்ந்தோம். கடைசியில டிக்கெட் எடுத்துப் போய் சேர்ந்தப்ப முகூர்த்தம் முடிஞ்சு பந்தி நடந்துக்கிட்டு இருந்தது. அந்தப் பட்டுப்புடவையை அவ பெட்டியிலிருந்து எடுக்கவே இல்ல, அப்படியே மடிச்சபடி திரும்பி வந்தது.

அன்னையிலிருந்து நாங்க ஒண்ணு முடிவு பண்ணிட்டோம், தேதி குறிச்ச காரியத்துக்குப் போகும்போது காசு கொடுத்து ஒரு வழி டிக்கெட், திரும்பி வர்றதுக்குத்தான் ஹாப். திரும்பும்போது யாரும் நமக்காகக் காத்திருக்கமாட்டாங்க, மகள் வீட்டுல இன்னும் ரெண்டு நாள் கூட இருந்தா அவங்களுக்கும் சந்தோஷம்தான், அதுவும் டோவர், பால்டிமோர் எல்லாம் வர்ஜீனியாவுக்குப் பக்கத்துலயே இருக்கு, வர்ஜீனியாவுலயே நார்ஃபோக்ல இருந்தும் ஐரோப்பாவுக்கு பேட்ரியாட் எக்ஸ்பிரஸ் போகுது, ஸ்பெயின்ல ரோட்டா, இத்தாலியில நேபிள்ஸ் வழியா. விழா ஜூன்லன்னா போற டிக்கெட்டை இந்த வாரமே பாருங்க, திரும்பி வர்றதுக்கான சைன்-அப்பை மே கடைசியில இந்த மூணு டெர்மினலுக்கும் அனுப்பிடுங்க, ஜூலை கடைசி வரைக்கும் உங்க பேர் வரிசையில இருக்கும்.